எண்ணெயில் யோசிக்கும் மூளை

கியர் போட்டு ஓட்டத் தெரிந்தவர்களுக்கு, கியர் போடாத வண்டி மேல் ஓர் இளக்காரம் உண்டு. "அதுல என்ன சார் இருக்கு? மிதிச்சா போகுது, விட்டா நிக்குது. பொருட்காட்சி பொம்மை கார் மாதிரி!" என்பார்கள். இதைச் சொல்கிற ஆசாமி பெரும்பாலும் அண்ணா சாலை சிக்னலில் கிளட்சை மிதித்து மிதித்து, ராத்திரி இடது முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறவராக இருப்பார். அது வேறு விஷயம்.

ஆட்டோமேட்டிக் என்றால் சோம்பேறி வண்டி என்று நினைப்பவர்களுக்கு எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் நண்பரை அறிமுகப்படுத்த ஆசை. சின்ன வயசில் போலியோ. இடது கால் பேருக்குத்தான் இருக்கிறது. மனுஷர் வலது காலை மட்டும் வைத்துக்கொண்டு தாம்பரத்திலிருந்து நுங்கம்பாக்கம் வரை தினமும் ஓட்டி வருகிறார். வழியில் மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிறார். பஸ் படிக்கட்டும் கிடையாது, 'சீக்கிரம் ஏறு சார்' என்கிற அதட்டலும் கிடையாது. செகண்ட் ஹேண்ட் கார்தான். நாலு கியர், டார்க் கன்வர்ட்டர் வைத்த பழைய பாணி ஆட்டோமேட்டிக். கிளட்ச் பெடல் இல்லை என்பதுதான் அந்த வண்டியின் அழகு. (கலரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.)

அந்த வண்டிக்குத் திடீரென்று உடம்பு சரியில்லாமல் போனது. காலையில் கிளம்பும்போது சமர்த்தாக இருக்கும். அரை மணி ஓடி சூடேறியதும் சேஷ்டை ஆரம்பம். இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்கு மாறுகிற இடத்தில் என்ஜின் 'வ்வ்வூம்' என்று கத்தும், வண்டி நகராது. ஒரு விநாடி கழித்துப் பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி 'தொம்'. மேம்பாலம் ஏறும்போது இது நடந்தால் பின்னால் வருகிற லாரிக்காரர் என்ன சொல்வார் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்கு (பேர் வேண்டாமே) எடுத்துப் போனார். ஏ.ஸி. ரூம், இலவசக் காபி, டை கட்டின பையன். "கியர் பாக்ஸ் போயிடுச்சு சார். அசெம்ப்ளியா மாத்தணும். ஒண்ணு எண்பது ஆகும்." ஒண்ணு எண்பது என்றால் ஒரு லட்சத்து எண்பதாயிரம். வண்டியை விற்றால்கூட அவ்வளவு தேறாது. "திறந்து பாத்தீங்களா தம்பி?" என்று நண்பர் கேட்டதற்கு, "நாங்க திறக்கறதில்லை சார். பாலிஸி" என்று பதில்.

"வந்த விலைக்குக் குடுத்துடலாம்னு பாக்கறேன்" என்றார் நண்பர், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே. அவர் குரலில் அழுகை எல்லாம் இல்லை. கணக்குப் பார்க்கிறவர் குரல். தினம் போக வர ஆட்டோவுக்கு எவ்வளவு ஆகும், மகளை யார் கொண்டுவிடுவது, எல்லாம் மனசுக்குள் கூட்டியாகிவிட்டது என்று தெரிந்தது. அதனால்தான் அவரைப் புதுப்பேட்டைப் பக்கம் ஒரு சந்துக்குக் கூட்டிப் போனேன்.

அந்தச் சந்தில் ஒரு பாய் இருக்கிறார். பதினாறு வருஷம் ஷார்ஜாவில் கியர் பாக்ஸ் வேலை மட்டும் பார்த்தவர். வளைகுடாவில் தெருவில் ஓடுவதில் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்தான். நம்மூர் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிய கணக்குக்கு அவர் வால்வ் பாடி கழற்றியிருக்கிறார். நண்பர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "தொறக்கறதுக்கு முன்னாடி கேக்கணும் சார். வண்டிகிட்ட கேட்டா அதுவே சொல்லும்" என்றார்.

வால்வ் பாடி என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் பக்கத்தைத் திருப்பி சினிமா பகுதிக்குப் போய்விடுவீர்கள்.

உங்கள் ஊரில் வாட்டர் டேங்க் ஆபரேட்டர் ஒருத்தர் இருப்பார். பஞ்சாயத்துத் தலைவரைவிட அவருக்கு மரியாதை அதிகம். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்று முடிவு செய்கிறவர் அவர். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் அந்த ஆபரேட்டர்தான் வால்வ் பாடி. பம்ப் எண்ணெயை அழுத்தத்தோடு அனுப்புகிறது. உள்ளே கிளட்ச் அடுக்குகள், பாண்டுகள் என்று பல தெருக்கள். எந்தக் கிளட்சுக்கு எண்ணெய் போகிறதோ அது இறுகும், அந்தக் கியர் விழும். ஓர் அலுமினிய வார்ப்பு, அதில் புழுக்கள் குடைந்த மாதிரி வளைந்து வளைந்து கால்வாய்கள், நடுவில் விரல் தடிமனுக்குள் அடங்குகிற உருளை வால்வுகள், ஸ்பிரிங்குகள், கோலிகுண்டின் பேரன்கள் மாதிரி குட்டிக் குட்டி பால்கள். முதல்முறை பார்ப்பவர்களுக்கு மீனாட்சியம்மன் கோயில் பிளான் போலத் தெரியும்.

இது யோசிக்கும் என்பதுதான் ஆச்சரியம். 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ரா-மேட்டிக்' என்று ஒரு கியர் பாக்ஸை அறிவித்து, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 57 டாலர் கூடுதல் விலைக்குப் போட்டுக் கொடுத்தது. அதன் பின்னணியில் இருந்த எர்ல் தாம்ப்ஸன் என்ற எஞ்சினியர்தான் அதற்கு முன்னால் சாதா கியர் பாக்ஸுக்கு ஸிங்க்ரோமெஷ் கண்டுபிடித்தவர். கியர் கரகரக்காமல் விழ வழி செய்தவரே, பிறகு கியரே போட வேண்டாம் என்று வழி செய்துவிட்டார். டிரான்சிஸ்டர் பிறந்தது 1947 டிசம்பரில். அதற்கு எட்டு வருஷம் முன்பே ஒரு கார், எந்த எலெக்ட்ரானிக்ஸும் இல்லாமல், 'இப்போ கியர் மாத்தலாமா, வேண்டாமா?' என்று வெறும் எண்ணெயால் முடிவெடுத்தது.

எப்படி? ஷிஃப்ட் வால்வ் என்று ஒன்று. அதன் ஒரு முனையில் ஸ்பிரிங்கும், நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறுகிற எண்ணெய் அழுத்தமும். மறு முனையில் வண்டியின் வேகத்தோடு ஏறுகிற அழுத்தம். இரண்டு பக்கமும் கயிறு இழுக்கும் போட்டி. வேகம் ஜெயித்தால் வால்வ் நகரும், அடுத்த கியர். நீங்கள் அழுத்தி மிதித்தால் மறுபக்கம் கை ஓங்கும், கியர் லேட்டாக மாறும். அவ்வளவுதான் தத்துவம். இரண்டாம் உலகப் போரில் எம்5 ஸ்டூவர்ட், எம்24 சாஃபீ டாங்குகளில் இதே ஹைட்ரா-மேட்டிக் ஓடியது. 1950களில் ரோல்ஸ் ராய்ஸ்காரர்களே லைசென்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். பிற்பாடு கம்ப்யூட்டர் வந்து, 'இப்போ மாத்து' என்று சொல்கிற வேலையை சாலினாய்டு என்ற மின்சார வால்வுகளிடம் கொடுத்தது. ஆனாலும் கடைசியில் கியரை மாற்றுவது எண்ணெய்தான். உத்தரவு எலெக்ட்ரானிக்ஸ், கைகால் எண்ணெய்.

(2014-ல் சிலேரியோவோடு நம்மூரில் பிரபலமான ஏ.எம்.டி. வேறு ஜாதி. அது சாதா கியர் பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கவும் கியரைத் தள்ளவும் ஒரு யந்திரக் கை வைத்திருக்கிறார்கள். அதில் இந்த வால்வ் பாடியைத் தேடாதீர்கள்.)

பாய் முதலில் செய்தது மோந்து பார்த்தது. எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவி வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு. நல்ல எண்ணெய் சிவப்பாக இருக்கும். கறுத்து, கருகின வாசனை வந்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது என்று அர்த்தம். நண்பர் வண்டியில் சாயம்போன காவி நிறம். கருகல் வாசனை இல்லை. "ம்ம்" என்றார் பாய். டாக்டர் 'ம்ம்' சொன்ன மாதிரி நண்பர் முகம் மாறியது.

அடுத்து ஸ்கேனர். அதில் உருப்படியாக ஒரு கோடும் இல்லை. பிறகு, பிரேக்கை மிதித்துக்கொண்டு என்-னிலிருந்து டி-க்குத் தள்ளி, 'டக்' என்று கியர் விழ எத்தனை நேரம் என்று கையில் ஸ்டாப் வாட்ச். பொதுவாக ஒன்றேகால் விநாடிக்குள், ரிவர்ஸ் என்றால் ஒன்றரைக்குள் விழ வேண்டும். விழுந்தது.

அப்புறம் ஸ்டால் டெஸ்ட். இது கொஞ்சம் பயங்கரமான சமாசாரம். நாலு சக்கரத்துக்கும் கட்டை, ஹேண்ட் பிரேக், கால் பிரேக் எல்லாம் போட்டு, டி-யில் வைத்து, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதிப்பது. வண்டி போகாது. என்ஜின் ஒரு குறிப்பிட்ட சுற்றில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த எண் மேனுவலில் போட்டதைவிட அதிகமானால் உள்ளே கிளட்ச் வழுக்குகிறது. குறைந்தால் என்ஜினோ கன்வர்ட்டரோ நோஞ்சான். ஐந்து விநாடிக்கு மேல் மிதித்தால் எண்ணெய் வெந்துவிடும். முன்னால் நின்ற டீக்கடைப் பையனை விரட்டிவிட்டுத்தான் பாய் மிதித்தார். வீட்டு வாசலில் நீங்கள் முயன்று பார்க்காதீர்கள், காம்பவுண்ட் சுவருக்குச் சொல்லிவைக்கிறேன். 2,300-ல் நின்றது. மேனுவல் எல்லைக்குள்தான்.

பிறகு பிரஷர். கியர் பாக்ஸ் உடம்பில் இதற்கென்றே ஒரு சின்ன ஸ்க்ரூ மூடி இருக்கிறது. அதைத் திறந்து கேஜை மாட்டினார். ஐடிலில் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு சுமார். (கார் டயரில் நாம் அடிப்பது 30 சொச்சம்.) முழு மிதியில் 150-ஐத் தாண்டியது. ரிவர்ஸில் இன்னும் கூடுதல். அதுவும் அப்படித்தான் இருக்க வேண்டுமாம். பம்ப் பாஸ்.

"ஸ்டால்ல தெரியறது ஒண்ணாவது கியரும் ரிவர்ஸும்தான் சார். உங்களுக்கு நோவு மூணாவதுல" என்று சொல்லிவிட்டு, சாலினாய்டுகளுக்குப் போகிற ஒயர் சாக்கெட்டைப் பிடுங்கினார். கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது. இந்த மாதிரிப் பழைய வண்டிகள் பலவற்றில் அப்போது லீவர் சொல்கிறபடி கியர் விழும். எல்-லில் ஒன்று, 2-ல் மூன்று என்று. வண்டியை நன்றாகச் சூடாக்கி எழும்பூர் பக்கத்துப் பாலத்தில் ஏற்றினோம். மூன்றாவது பிடிக்க அதே தாமதம், அதே 'தொம்'. ஆனால் பிடித்தபின் ஏற்றத்தில் எத்தனை மிதித்தாலும் வழுக்கவே இல்லை.

பாய் முகத்தில் முதல் சிரிப்பு. "தண்ணி லேட்டா வருது. குழாயில ஓட்டை இல்ல."

அதாவது கம்ப்யூட்டர் குற்றவாளி இல்லை, அதைத்தான் பிடுங்கியாகிவிட்டதே. மூன்றாவது கிளட்சும் கெட்டுப்போகவில்லை, கெட்டிருந்தால் பாலத்தில் வழுக்கியிருக்கும். நடுவில் இருக்கிற டேங்க் ஆபரேட்டர்தான் தூங்குகிறார். சும்மா இருக்கட்டும் என்று மல்டிமீட்டர் வைத்து சாலினாய்டுகளையும் பார்த்தார். சூட்டிலும் ஒவ்வொன்றும் 13 ஓம் பக்கம். 12 வோல்ட் கொடுத்தால் 'டிக்' என்று சுத்தமாகச் சத்தம்.

"இப்ப தொறக்கலாம்."

வண்டியை ஆற விட்டு மறுநாள் காலை ரேம்ப்பில் ஏற்றினார்கள். நான் லீவ் போட்டிருந்தேன். (காரணம்: சொந்த வேலை. கார் சொந்தமில்லாவிட்டாலும்.) அடியில் ஆயில் சம்ப்பைக் கழற்றியதும் நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வழிந்தது. மிச்சம் கன்வர்ட்டருக்குள்ளேயே இருக்குமாம். சம்ப்பின் அடியில் ஒரு காந்தம். அதில் சாம்பல் நிறத்தில் விபூதி மாதிரிக் குழைவாக இருந்தால் வயசுக்கு ஏற்ற தேய்மானம். பளபளவென்று சில்லு கிடந்தால் கவலைப்பட வேண்டும். விபூதிதான். ஆனால் நடுவில் ஊசிமுனை மாதிரி ஓரிரண்டு மினுமினுப்பு. "முந்தின ஓனர் ஆயில் மாத்தினதே இல்ல சார். புக்குல 'லைஃப் டைம்'னு போட்ருப்பான். யார் லைஃப்னு போட மாட்டான்" என்றார் பாய்.

(இந்த எண்ணெயில் ஒரு பழைய பாவக் கதை இருக்கிறது. 1970களின் ஆரம்பம் வரை அமெரிக்காவில் இதற்கு ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெயைச் சேர்த்தார்கள். கிளட்ச் வழவழவென்று பிடிக்க அதைப் போல எதுவும் இல்லையாம். திமிங்கிலத்தைக் காப்பாற்றச் சட்டம் வந்த பிறகுதான் ரசாயனத்தில் மாற்று தேடினார்கள்.)

ஃபில்ட்டரை எடுத்தபின் வால்வ் பாடி தெரிந்தது. இங்கே நம்மூர் வழக்கப்படி 'பனியன் வேஸ்ட்' எடுத்துத் துடைக்கப் போனான் ஒரு பையன். பாய் போட்ட சத்தத்தில் நான் இரண்டடி பின்வாங்கினேன். திருப்பூர் பஞ்சில் ஒரு நூல் உள்ளே போனால் போதும், வேறொரு வால்வ் சிக்கிக்கொள்ளும். வால்வுக்கும் அது ஓடுகிற துளைக்கும் இடைவெளி தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு.

போல்ட்டுகள் இருபதுக்குக் கிட்டே. எல்லாம் ஒரே தலை, நீளம் மட்டும் வேறு வேறு. ஓர் அட்டையில் வால்வ் பாடியின் உருவத்தை வரைந்து, எந்த இடத்து போல்ட்டோ அந்த இடத்தில் ஓட்டை போட்டுக் குத்திவைத்தார். நீள போல்ட்டைக் குட்டை இடத்தில் போட்டு முறுக்கினால் வார்ப்பு விரிந்துவிடும். கடைசி மூன்று போல்ட்டை விடும்போது ஒரு கையால் தாங்கிக்கொண்டு, லீவரோடு கோத்திருக்கும் மேனுவல் வால்வின் முனையை மெல்ல விடுவித்து, குழந்தையை வாங்குகிற மாதிரி இறக்கினார். மேலே இருந்து ஒரு பால் உருண்டு விழுந்தது. தட்டில் பிடித்தார். எண்ணிக்கை சரி.

இறக்கியதோடு மேஜைக்குப் போகவில்லை. ஏர் கன்னை எடுத்து, மேலே தெரிந்த துளைகளில் ஒவ்வொன்றாகக் காற்றை அடித்தார். கிளட்ச் நல்லதாக இருந்தால் காற்றே அதை இறுக்கும், 'டப்' என்று கனமாகச் சத்தம் வரும். ஸீல் போயிருந்தால் 'ஸ்ஸ்' என்று கசியும். முதல் துளை, டப். இரண்டாவது, டப். மூன்றாவது கியர் துளையில் குழாயை வைக்கும்போது நண்பர் ஸ்டூலிலிருந்து எழுந்து, கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் 'ஸ்ஸ்' வந்தால் கியர் பாக்ஸ் முழுசும் கீழே இறங்கவேண்டும், டை கட்டின பையன் ஜெயித்துவிடுவான்.

டப்.

கனமாக, கதவைச் சாத்தின மாதிரி. பாய் இன்னொரு தரம் அடித்துக் காட்டினார். டப்.

அப்புறம் நடந்ததெல்லாம் நிதானமான வேலை. மேஜையில் நியூஸ் பேப்பர்கூடக் கிடையாது, துடைத்த ஸ்டீல் தட்டுகள். வால்வ் பாடியைப் பிரித்து, ஒவ்வொரு வால்வையும் அதன் ஸ்பிரிங்கோடு வரிசையாக வைத்து, கழுவி, புது எண்ணெய் தடவி, திரும்பத் துளையில் விட்டுச் சாய்த்துப் பார்த்தார். தன் எடைக்கே வழுக்கி இறங்கவேண்டும். இதுதான் டெஸ்ட். விலை உயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம், புவியீர்ப்பு போதும். ஒன்று இறங்கியது. அடுத்தது இறங்கியது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றுகிற வால்வ் பாதி வழியில் நின்றது. தட்டினால் நகர்ந்தது, மறுபடி நின்றது.

வெளியே எடுத்து பூதக்கண்ணாடியில் காட்டினார். வால்வின் மேல் மெல்லிசாக ஒரு கீறல், அதன் முனையில் துணுக்கு. கண்மையில் மினுக்குப் போட்ட மாதிரி அவ்வளவுதான் இருக்கும். ஆறின வண்டியில் எப்படியோ தப்பிக்கிறது. சூட்டில் உலோகம் விரிய, இடைவெளி மாற, மாட்டிக்கொள்கிறது. எண்ணெயில் நனைத்த மிக நைஸான தாளில் அந்தக் கீறலை மட்டும் தடவினார். "ஓரத்தைத் தொட்டா போச்சு சார். ஓரம் கத்தி மாதிரி இருக்கணும். மழுங்கினா தூசி அதுல ஏறி உக்காந்துக்கும்." துளையைக் கண்ணாடியில் பார்த்தார், தேய்மானம் இல்லை. தேய்ந்திருந்தால் இந்தத் தடவலெல்லாம் உதவாது, வால்வ் பாடியையே மாற்ற வேண்டியதுதான். அப்போதும் கியர் பாக்ஸ் விலை ஆகாது.

கழுவி, மறுபடி சாய்த்தார். சர்ரென்று இறங்கியது.

மாட்டுவது கழற்றுவதைவிடக் கஷ்டம். பால்களைத் துளியூண்டு வாஸலினில் ஒட்டிவைத்து, மேனுவல் வால்வை லீவரின் கொக்கியில் சரியாகக் கோத்து (இது தவறினால் டி-க்கும் ஆர்-க்கும் வித்தியாசம் தெரியாமல் வண்டி முழிக்கும்), அட்டையிலிருந்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாக. முறுக்குவது டார்க் ரெஞ்சில், சுமார் 10 நியூட்டன் மீட்டர். அதாவது பாட்டி ஊறுகாய் ஜாடி மூடுகிற அளவு. நம் பையன்கள் பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை எகிறிவிடும். புது ஃபில்ட்டர், புது கேஸ்கெட், அந்த வண்டிக்கு எழுதியிருக்கிற அதே ரகத்து எண்ணெய். 'சிவப்பா இருக்கே, எதுவா இருந்தா என்ன' என்று ஊற்றுகிறவர்களைப் பாய் பெயர் சொல்லித் திட்டினார், பெயர்களை விட்டுவிடுகிறேன். என்ஜினை ஓடவிட்டு, லீவரை எல்லா இடத்திலும் ஒரு தரம் தள்ளி, சூடானபின் அளவு பார்த்தார். ஒயரைப் பிடுங்கினதற்காகக் கம்ப்யூட்டர் எழுதிவைத்திருந்த புகாரையும் அழித்தார்.

பில்: எண்ணெய், ஃபில்ட்டர், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்துச் சொச்சம். நண்பர் அதையும் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார், பழக்க தோஷம்.

சூடேறட்டும் என்று பாயைப் பின் ஸீட்டில் உட்காரவைத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் ஊர் சுற்றினோம். கடைசியில் அதே பாலம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பாதி ஏற்றம் தாண்டியும் ஒன்றும் தெரியவில்லை.

"மூணாவது எப்போ விழும்?" என்றேன்.

"அது விழுந்து ரொம்ப நேரமாச்சு" என்றார் நண்பர்.